ஓடிப்போன இடதுகால்

சின்னவள், பெரியவள் என்றுதான் அந்த வீட்டில் இரண்டு பெண்களையும் கூப்பிடுவார்கள். சான்றிதழ்களில் இருந்த பெயர்கள் சான்றிதழ்களோடு பீரோவில் கிடந்தன. பெரியவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். சின்னவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள். அம்மா குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கடையில் மெஷின் போட்டு, பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று பழைய துணிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறவர். எப்போதாவது வீட்டுக்கு வரும்போது, செருப்பை எங்கே விடுவது என்று விருந்தாளி போலத் தயங்கி நிற்பார்.

இரண்டு பெண்களும் பேஸ்பால் மாதிரியான சாப்ட்பால் பக்கம் போனது தற்செயல்தான். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம். காலையில் அது டிரைவிங் ஸ்கூல். சிவப்புக் கூம்புகளைச் சுற்றி யாராவது ஒரு காரை முக்கி முனகி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மாலையில் அதே டிரைவிங் ஸ்கூல்காரர் கூம்புகளை ஓரம் கட்டிவிட்டுப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பார். வாயைத் திறந்தால் கிளட்ச்தான் வரும் என்பதால் அணியில் அவருக்குக் கிளட்ச் சார் என்று பெயர். பெரியவள் பள்ளி நாளிலேயே அங்கே போய்ப் பந்து வீச ஆரம்பித்தாள். சாப்ட்பாலில் பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியக் கூடாது. கையை ராட்டினம்போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விட வேண்டும். பெரியவளின் கை சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. பேட் பிடிக்கிறவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கேட்சரின் கையுறையில் பந்து போய் விழுகிற சத்தம்தான் கேட்கும். அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன சின்னவள், போன இடத்தில் பேட்டைப் பிடித்தவள்தான், அப்புறம் விடவில்லை.

அவளுடைய விசேஷம் கை இல்லை, கால். பேட் பிடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையால் அடிக்கப் பார்ப்பார்கள். சின்னவள் காலால் அடித்தாள். பந்து கிளம்பியதும் முன்னங்கால், அதாவது இடதுகால், வீசுகிறவளை நோக்கி ஒரு சின்ன அடி வைக்கும். குழந்தை தூங்குகிற அறைக்குள் நுழைகிற மாதிரி, கட்டைவிரல் பக்கம்தான் முதலில் மண்ணைத் தொடும். பாரம் முழுக்க இன்னும் பின்னங்காலில் இருக்கும். பந்து கிட்டே வரும்போது குதிகால் இறங்கும். அது இறங்கியதும் பின்னங்கால் பூச்சியை நசுக்குவதுபோலத் திரும்பும், கூடவே இடுப்பு திரும்பும், அதற்குப் பிறகுதான் கைக்கே வேலை. கிளட்ச் சார் இதைப் பார்த்துச் சொக்கிப்போவார். புதிதாக வருகிற பெண்களிடம், கிளட்ச்சை டொப்பென்று விட்டால் வண்டி குதிக்கும், அவள் காலைப் பாருங்கள் என்பார். சின்னவள் அடித்த பந்துகள் வேலியைத் தாண்டிப் போய் அவருடைய கார்களின் கூரையில் விழும். ஒரு காரின் கூரையில் விழுந்த பள்ளத்தை அவர் தட்டி எடுக்கவே இல்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார்.

மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டால் அக்காவும் தங்கையும் குடியிருப்பின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், பயிற்சி செய்வார்கள். இரண்டு வரிசைத் தூண்களுக்கு நடுவில் நீளமான இடம். சுவரில் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டால் கேட்சர் தேவையில்லை. அன்றைக்கு அங்கே ஒரு குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் போதும் என்றாள். சின்னவள்தான், கடைசியாக ஒன்று, உள்பக்கமாக, உடம்பை ஒட்டி வேகமாக வேண்டும் என்று கேட்டாள். பெரியவள் போட்டாள். விரலில் ஈரமா, விளக்கா, என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. பந்து நினைத்ததைவிட உயர்ந்து, நினைத்ததைவிட உள்ளே வந்து, சின்னவளின் இடது தாடையில் பட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. முகத்துக்குக் கம்பி இல்லை.

அவள் கீழே விழவில்லை. பேட்டைத் தூணில் சாய்த்து வைத்தாள். பந்து எங்கே போச்சு என்று கேட்கப் பார்த்தாள். வாய் சொன்னபடி கேட்கவில்லை. பெரியவள் ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் போய் எடுத்துக்கொள் என்று கையால் காட்டினாள்.

தாடை எலும்பு விரிசல் கண்டிருந்தது. சின்னத் தகடு ஒன்றை வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கினார்கள். வீக்கம் வடிந்த பிறகும் உதட்டின் இடது பாதியும் மோவாயும் அவளுடையவை போலவே இல்லை. தொட்டால் விரலுக்குத் தெரிந்தது, மோவாய்க்குத் தெரியவில்லை. டாக்டர் ஒரு பஞ்சுத் துணுக்கால் தடவித் தடவி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். நரம்பு நசுங்கியிருக்கிறது, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, பார்க்கலாம் என்றார். அவர் குரலிலும் உணர்ச்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னவள் தலையாட்டினாள்.

திட்டுவதற்கு ஆள் இல்லாத விபத்து அது. கேட்டவள் சின்னவள், போட்டவள் பெரியவள், இரண்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா முதலில் குழல்விளக்கைத் திட்டினாள். பிறகு குடியிருப்பின் காவலாளியை, கிளட்ச் சாரை, பந்தைக் கண்டுபிடித்தவனை. எல்லோரையும் திட்டி முடித்த பிறகு பேட்டை பீரோவின் மேல் தூக்கிப் போட்டு, அதன்மேல் பழைய போர்வைகளை அடுக்கினாள். அப்பா போனில், பக்கத்தில் லாரிகள் இரைகிற சத்தத்துக்கு நடுவே, சரியாச்சா, சாப்பிடறாளா, சரியாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மெல்ல முடியாத நாட்களில் பெரியவள் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்துக் கரைத்துக் கொடுத்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அந்த மிக்சி அலறும். டம்ளரை நீட்டுவாள், வாங்கி வைப்பாள், மோவாயில் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுப்பாள். வழிகிறது என்பதே சின்னவளுக்குத் தெரியாது. இதெல்லாம் நடக்கும்போது பெரியவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். இரவு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அழுகிறாளா தூங்குகிறாளா என்று சின்னவள் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தனக்கே அழுகை வரும் என்றுதான் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் வரவில்லை. மரத்துப்போனது மோவாயில் ஆரம்பித்து உள்ளே எதுவரை போயிருக்கிறது என்று டாக்டரின் பஞ்சுக்கு எட்டாது.

கடைக்குத் திரும்பினாள். கடைக்கு முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளவென்று இருக்கும். பின்னறை ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் அடைந்துவிடும். லென்ஸ் தேய்க்கும் மெஷின், அதற்குத் தண்ணீர் வருகிற குழாய், பிரேமைச் சூடுபண்ண ஒரு தட்டு, மேலே வளைந்த விளக்கு. பிரேமுக்குப் போடுகிற ஸ்குரூக்கள் எள்ளளவு இருக்கும். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது அதை உதட்டில் பிடித்துக்கொள்வது அவளுக்குப் பழக்கம். இப்போதும் பழக்கத்தில் பிடித்துக்கொள்வாள், பிடித்தது மறந்துவிடும். மேஜையில் தேடுவாள், மடியில் தேடுவாள், குனிந்து தரையில் தேடுவாள். ஸ்குரூவை உதட்டிலேயே ஒட்ட வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறாளே என்று கடைக்கார அம்மா சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று முகத்தை மாற்றிக்கொண்டார். மறுநாள் ஒரு காந்தத் தட்டு வாங்கி வைத்தார். சின்னவளுக்கு அந்தச் சிரிப்பும் உறைக்கவில்லை, தட்டும் உறைக்கவில்லை. தன் தாடைக்குள் இருக்கிற ஸ்குரூ எந்த அளவு என்று மட்டும் ஒரு மத்தியானம் யோசித்தாள்.

டாக்டர் விளையாடலாம் என்று சொன்ன அன்றே அவள் பீரோ மேலிருந்த போர்வைகளை இறக்கினாள். ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது. மாலை வேளைகளில் என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். தாடையை உடைத்துப் பார்த்தாகிவிட்டது, இனி எதை உடைத்துக்கொள்ளப் போகிறாள் என்று அம்மா கேட்டாள். சின்னவள் பேட்டில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள். அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஹெல்மெட்டுக்கு உள்ளே வைக்க ஒரு திண்டு தைத்துக் கொடுத்தாள். முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட்டைக் கிளட்ச் சார் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

முதல் நாள் அவரே மெதுவாகப் பந்து போட்டார். எல்லாம் தப்பிப் போயின. வெளிப்பக்கம் வந்த பந்தைத் தொடக்கூட முடியவில்லை; பேட் அவ்வளவு தூரத்துக்கு எட்டவே இல்லை. நாளாகிவிட்டது அல்லவா, கை வரவில்லை என்றாள் சின்னவள். கிளட்ச் சார் தலையைச் சொறிந்துகொண்டே வந்து, அவள் நின்ற இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் வீசுகிறவளை நோக்கி ஒரு கோடு போட்டார். இன்னும் நான்கைந்து பந்து போட்டார். பிறகு அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

இடது ஷூவின் தடம் கோட்டின் மேல் இல்லை. கோட்டை விட்டு ஒரு முழம் தள்ளி, பந்துக்குப் புறமுதுகு காட்டி ஓடுகிற ஆள் வைத்த அடிபோல, வெளியே கிடந்தது. ஒவ்வொரு பந்துக்கும் அங்கேயேதான் போயிருந்தது. கால் அப்படி விலகினால் இடுப்பு முன்கூட்டியே திரும்பிவிடும், தோள் கூடவே போகும், பந்து வரும்போது அடிக்க ஆள் பாதிதான் மிச்சம் இருக்கும்.

"இது என் கால் இல்ல சார்," என்றாள் சின்னவள். "நான் நேராத்தான் வெச்சேன்."

"பயமா இருக்காம்மா?"

"இல்லையே."

உண்மையைத்தான் சொன்னாள். நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை, கண்ணை மூடவில்லை. பயம் என்று அவளிடம் எதுவும் இல்லை. இருந்த பயத்தையெல்லாம் இடதுகால் எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தகவல்கூடச் சொல்லாமல், தனியாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

அதன் பிறகு அந்தக் காலுக்கு நடந்த வைத்தியங்களைச் சொல்லி மாளாது. குதிகாலுக்குப் பின்னால் செங்கல் வைத்தார் கிளட்ச் சார். கால் செங்கலின் மேல் ஏறி நின்றது. அகலம் குறைந்த ஒரு பலகையின் மேல் நிற்க வைத்தார். கால் பலகையை விட்டு இறங்கியது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். கடைசியில் இரண்டு கணுக்காலையும் சேர்த்து ஒரு கயிறு கட்டிப் பார்த்தார். அப்போதுதான் கேட்சர் வாயைத் திறந்தாள். எலும்பும் தோலுமாக இருப்பாள், அணியில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

"கால்கட்டு போட்டா அடங்கிடும்னு எங்க வீட்லயும் சொல்றாங்க சார். நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள், வலது பக்கத்து உதடு சிரித்தது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கயிறு அறுந்ததும் வைத்தியம் நின்றது. அணிப் பட்டியலில் அவள் பெயர் கீழே இறங்கி, பிறகு ஓரமாக நகர்ந்து, கடைசியில் பேட்டுகளை எண்ணிப் பையில் போடுகிற வேலை அவளுக்கு வந்தது. அதையும் ஒழுங்காகச் செய்தாள். அந்தக் காலே இப்படிக் காலை வாரிவிட்டதே என்று கிளட்ச் சார்தான் மனம் உடைந்துபோனார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இதற்கு நடுவில் பெரியவளின் கதையும் சரியில்லை. விபத்துக்குப் பிறகு பந்தைத் தொட மாட்டேன் என்றவளை, வேறு ஆள் இல்லாததால் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார்கள். கை முன்போலவே சுற்றியது, வேகமும் குறையவில்லை. ஆனால் ஒரு பந்துகூட உள்பக்கம் போகவில்லை. எல்லாம் பேட் பிடிக்கிறவளை விட்டு விலகி வெளியே, குண்டூசி தாவிப் பிடிக்க வேண்டிய தூரத்தில் போயின. நான்கு பந்து அப்படிப் போனால் எதிரணிப் பெண்கள் பேட்டைத் தூக்கவே வேண்டாம். சும்மா நின்றுவிட்டு, முதல் தளத்துக்கு, அதாவது சுற்றி ஓடிப் புள்ளி எடுக்க வேண்டிய நான்கு மூலைகளில் முதல் மூலைக்கு, இலவசமாக நடந்து போகலாம். அப்படித்தான் போனார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஊர்வலம்போல நடந்தே போய்ப் புள்ளிகளை அள்ளிக்கொண்டார்கள். அக்கா விலக்கி விலக்கிப் போடுகிறாள், தங்கை விலகி விலகிப் போகிறாள், நடுவில் ஒரு பஸ்ஸே போகலாம் என்றாள் குண்டூசி. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

உள்பக்கம் போட்டுப் பழக, எதிரில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத வெற்றிடத்துக்குப் போடும்போது பெரியவளுக்கு எந்தக் குறையும் இல்லை. பந்து சொன்ன இடத்துக்குப் போகும். ஆள் வந்து நின்றால்தான் கை கோணும். நிற்கச் சொன்னால் மற்றப் பெண்கள் தயங்கினார்கள். தாடையில் கோடு விழுந்த சின்னவளைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட் பையின் பக்கத்திலிருந்து சின்னவளே எழுந்தாள்.

தான் நிற்பதாகச் சொன்னாள். அடிக்கப் போவதில்லை, கம்பம் மாதிரி நிற்கிறேன், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றாள். கிளட்ச் சார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சின்னவள் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டாள். அடி எடுத்து வைக்கிற வேலை இல்லாததால் கால்களை முதலிலேயே நன்றாக அகட்டி, மண்ணில் ஊன்றிக்கொண்டாள். பேட் தோளில் கிடந்தது.

எதிரில் யார் என்று பார்த்ததும் பெரியவள் கையைக் கீழே போட்டாள். பிறகு பந்தைப் போட்டாள். வெளியே. அடுத்ததும் வெளியே. மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. சின்னவள் வருவாள், நிற்பாள், பந்துகள் ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டே இருக்கும், முடிந்ததும் பேட்டுகளை எண்ணிப் பையில் போடுவாள். அக்காவும் தங்கையும் ஒன்றாக நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

நான்காவது ஞாயிறு சின்னவள் சொன்னாள், "உள்ள போடு. நான் நகர மாட்டேன்."

"பட்டுடுச்சுன்னா?"

"பட்டா படட்டும். அங்கதான் ஒண்ணும் தெரியலையே."

பெரியவள் பந்தைக் கையுறைக்குள் திருப்பிப் பிடித்தாள். கை சுற்றியது. பந்து சின்னவளின் நெஞ்சுக்கு முன்னால், சட்டையை உரசிக்கொண்டு போய்க் குண்டூசியின் கையுறையில் விழுந்தது. காற்று பட்டது. சின்னவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் வைத்த இடத்திலேயே இருந்தன. வேலை ஒன்றும் கொடுக்காததால் இடதுகாலுக்கு ஓடத் தோன்றவில்லை போலிருந்தது.

பெரியவள் வீசும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைதானத்தின் மறுகோடியில் கிளட்ச் சார் வேண்டுமென்றே கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் மண் ஒட்டிய விரலால் தங்கையின் மோவாயைத் தொட்டாள். தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் சின்னவள்.

"எம்மேல கோவமா?"

"தெரியல," என்றாள் சின்னவள். "வரும்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எதுவும் வர மாட்டேங்குது."

பெரியவள் தலையாட்டினாள். அப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை என்றாலும், அதில் அவளுக்கு ஏதோ ஆறுதல் இருந்திருக்க வேண்டும். எழுந்து பந்தைக் கேட்டாள். அன்றைக்கு இருட்டும்வரை உள்பக்கமாகவே போட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள்தான் அது நடந்தது. பெரியவள் போட்ட பந்து ஒன்று வாகாக, நடுவில், இடுப்பு உயரத்தில் வந்தது. கம்பமாக நின்றிருந்த சின்னவள் யோசிக்காமல் பேட்டை வீசினாள். அடி எடுத்து வைக்கவில்லை. வைப்பதற்கு நேரமும் இல்லை. இடது குதிகால் மட்டும் மண்ணை விட்டுக் கொஞ்சம் எழும்பி, அதே இடத்தில் இறங்கியது. பின்னங்கால் திரும்பியது, இடுப்பு திரும்பியது. பந்து பெரியவளின் பக்கத்தில் தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு போனது.

பெரியவள் இன்னொன்று போட்டாள். அதுவும் போனது. குண்டூசி எழுந்து நின்று, காலைத் தூக்காமலே அடிக்கிறாளே, இது செல்லுமா என்று கேட்டாள். செல்லும். அடி வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கிளட்ச் சாருக்குத்தான் ஒப்பவில்லை. முன்னால் கால் வைத்து உடம்பின் பாரத்தைக் கொண்டுபோனால்தான் பந்து வேலி தாண்டும். நின்ற இடத்தில் நின்று அடித்தால் பாதித் தூரம்கூடப் போகாது. வண்டியை நியூட்ரலில் வைத்துக்கொண்டு தள்ளுகிற கதை இது என்றார்.

"தள்ளினாலும் வண்டி போகுதுல்ல சார்?" என்றாள் சின்னவள்.

அவர் சுண்ணாம்புப் பொடியை எடுத்து வந்து, அவள் அகட்டி நின்ற இரண்டு கால்களைச் சுற்றியும் வட்டம் போட்டார். வட்டத்தை விட்டுக் கால் வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான் விதி என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். கூரையில் பள்ளம் விழுந்த கார். பழைய அடிகள் இனி வராது என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதற்காக வருத்தப்பட அவளிடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. அந்த வரையில் நல்லதாகப் போயிற்று.

லீக்கின் கடைசி ஆட்டத்தில் அவளை இறக்கினார்கள். அம்மா வந்திருந்தாள். அதுவரை எந்த ஆட்டத்துக்கும் வராதவள், ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. வேலியோரம் பெஞ்சில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ஒரு பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சத்தம் கேட்கும்போதெல்லாம், பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "யாருக்காவது பட்டுதா?" என்று கேட்பாள். இல்லை என்றால் அடுத்த பட்டனுக்குப் போவாள்.

பெரியவள் நன்றாகப் போட்டாள். உள்ளேயும் போட்டாள், வெளியேயும் போட்டாள். நடந்து போய்ப் புள்ளி எடுக்க யாருக்கும் வழி விடவில்லை. சின்னவள் பேட் பிடிக்க வந்தபோது எதிரணியில் பந்து வீசிய பெண் அவளுடைய பழைய அடிகளை நினைத்துத் தன் ஆட்களை வேலிவரை பின்னால் போகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல இவர்கள் பக்கத்தில் யாருக்காவது பைத்தியமா என்ன. சின்னவள் கால்களை அகட்டி ஊன்றினாள். முதல் பந்து உள்ளே, உடம்பை ஒட்டி, வேகமாக வந்தது. விட்டுவிட்டாள். இரண்டாவது பந்துக்குக் குதிகால் எழும்பி இறங்கியது. பந்து தரையில் உருண்டு, பின்னால் போய்விட்டவர்களுக்கும் முன்னால் நின்றவர்களுக்கும் நடுவில் யாருமில்லாத இடத்தில் போய் நின்றது. அவள் முதல் தளத்தில் ஏறி நின்றாள். அணிப் பெண்கள் கத்தினார்கள். தனக்குள்ளும் ஏதாவது எழும் என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள். வியர்வை வழிந்தது, மூச்சு வாங்கியது. அதற்குள் அடுத்தவள் அடித்துவிட்டாள், ஓட வேண்டியிருந்தது, ஓடினாள்.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். மூன்றாம் இடம் போயிற்று. கிளட்ச் சார் தோல்வியைப் பற்றிப் பேசாமல், வட்டத்தை விட்டுக் கால் வெளியே வரவில்லை என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சட்டையை மடித்துப் பையில் வைத்த அம்மா, இரண்டு பெண்களின் முகத்தையும் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாங்க போகலாம் என்றாள்.

அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் மூலமாகப் பெரியவளுக்கு வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலையோடு அவர்களுடைய அணியில் இடமும். போகலாமா என்று அவள் தங்கையைத்தான் முதலில் கேட்டாள். போ என்றாள் சின்னவள். பெட்டி கட்ட உதவினாள், பஸ் ஸ்டாண்டு வரை போனாள், ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தாள். திரும்பி வந்து அன்று மத்தியானம் கொடுக்க வேண்டிய கண்ணாடிகளை முடித்தாள்.

இப்போது அணியில் இரண்டாவதாக இறங்குகிறவள் அவள்தான். அடித்தால் பந்து தூரம் போகாது, ஆனால் அனேகமாக எங்காவது போகும். கால்களை அகட்டி ஊன்றிவிட்டால் நகர மாட்டாள். புதிதாகப் பந்து வீச வந்திருக்கிற பெண் ஒரு நர்ஸ். இந்தக் கதையை யாரோ சொல்லிவிட்டதால் முதலில் ரொம்பவும் பயந்தாள், இப்போது பரவாயில்லை.

பெரியவள் போய்ச் சில வாரம் கழித்து ஒரு மாலை போன் செய்தாள். அங்கே மழை என்றாள். இங்கே இல்லை என்றாள் சின்னவள். அம்மாவைப் பற்றியும் அப்பாவின் லாரி நடுவழியில் நின்றதைப் பற்றியும் பேசினார்கள்.

"நான் போனப்புறம் அழுதியா?" என்று கேட்டாள் பெரியவள்.

"இல்ல. நீ?"

"நானும் இல்ல."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பெரியவளின் பக்கம் யாரோ ஒரு கதவைத் திறந்து மூடினார்கள். அவள், கம்பெனி ஹாஸ்டலில் சாப்பாடு பரவாயில்லை, ரொட்டிதான் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்றாள். பாலில் நனைத்துச் சாப்பிடு என்றாள் சின்னவள்.